ஆஸ்கருக்குக் கோழிக்கறி மட்டும் போட்டால் போதுமா? மாட்டு இதயம், ஈரல் பற்றியும் சொல்லுங்கள்

கயல்தொட்டி

வணக்கம் நண்பர்களே. என் மாமா வீடு மாறியபோது தன் ஆஸ்கர் மீனை என்னிடம் கொடுத்துவிட்டார். பத்து அங்குலம் இருக்கும், நிறம் நன்றாக இருக்கிறது, ஆளைக் கண்டால் கண்ணாடிப் பக்கம் ஓடி வருகிறது. 300 லிட்டர் தொட்டி, கேனிஸ்டர் ஃபில்டர், தண்ணீர் 26 டிகிரி.

அவர் போட்டது கோழி நெஞ்சுக்கறி மட்டும்தான். பெல்லட் என்ற கடைத் தீவன உருண்டையைப் போட்டால் வாயில் வாங்கிக் கொஞ்சம் மென்று துப்பிவிடுகிறது. கறியைக் காட்டினால் தண்ணீரை விட்டு எழும்பி வாங்குகிறது.

தேடிப் பார்த்தால் ஒருவர் கோழிக்கறி மீனுக்கு விஷம் என்கிறார், இன்னொருவர் இதைவிட நல்ல தீனி கிடையாது என்கிறார். ஏன் கூடாது, அல்லது ஏன் கூடும் என்று காரணத்தோடு யாரும் சொல்லவில்லை. மாட்டு இதயம், ஈரல் பற்றியும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பெருவாய்

தாராளமாகப் போடலாம். சிவப்பு வயிற்றுப் பிரானா வளர்க்கிறேன். கோழி, மாட்டு இதயம் இரண்டும் முறை வைத்துப் போகிறது. வளர்ச்சிக்கும் குறைவில்லை, சுறுசுறுப்புக்கும் குறைவில்லை.

நிலத்து விலங்கின் இறைச்சி மீனுக்கு இயற்கை இல்லை என்று சொல்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தென்னாப்பிரிக்காவில் ஒரு அணையில் புலிமீன்கள் தண்ணீருக்கு மேல் பறந்த தகைவிலான் குருவிகளை எம்பிப் பிடித்ததைப் படம் எடுத்து 2014-ல் ஆய்வுக் கட்டுரையாகவே வெளியிட்டார்கள். பிரான்சில் தார்ன் ஆற்றில் வெல்ஸ் கெளுத்திகள் கரையேறிப் புறாவைப் பிடிப்பது 2012-ல் பதிவானது. மீனுக்குப் பறவை தெரியாத உணவு அல்ல.

நீலத்துடுப்பு

டிஸ்கஸ் மீன் வளர்ப்பவர்களிடம் மாட்டு இதயம் பல பத்தாண்டுப் பழக்கம். குஞ்சுகளை வேகமாக வளர்க்க அதைப் போல வேறு இல்லை என்பார்கள். ஆனால் அதைச் சொல்பவர்கள் பாதியைத்தான் சொல்கிறார்கள். நாளுக்குப் பல முறை தீனி போடுகிறவர்கள் தண்ணீரையும் தினமும் பெருமளவு மாற்றுகிறார்கள். இன்னொன்று, அவர்கள் போடுவது வெறும் இதயம் இல்லை. இறால், மீன், கீரை, வைட்டமின் எல்லாம் சேர்த்து அரைத்த கலவை.

டிஸ்கஸ் காட்டில் இறைச்சி தின்னும் மீனே அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். பாசி, மட்கிய கழிவு, சிறு பூச்சி, புழு, இதுதான் அதன் சாப்பாடு. தொட்டியில் அது இதயத்தைத் தின்கிறது என்பதால் அது அதற்கு ஏற்ற உணவு என்று ஆகிவிடாது. உங்கள் ஆஸ்கர் எம்பி வாங்குவதும் அப்படித்தான். ஆசையை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

ஆற்றுமீன்

தம்பி காரணம் கேட்டிருக்கிறார், எனவே கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் விஷம் என்ற பேச்சைத் தள்ளிவிடலாம். இறைச்சி தின்னும் மீனுக்கு அமிலம் சுரக்கும் இரைப்பை இருக்கிறது, புரதத்தை உடைக்கும் பெப்சின் இருக்கிறது. கோழிப் புரதமும் மாட்டுப் புரதமும் அதற்கு நன்றாகவே செரிக்கும். "நிலத்து விலங்கின் புரதத்தை மீனால் செரிக்க முடியாது" என்பது திரும்பத் திரும்பச் சொல்லப்படும் தவறு.

கொழுப்பு வேறு கதை. மீனுக்கு உடல் சூடு என்று தனியாக இல்லை, தண்ணீர் என்ன வெப்பமோ அதுதான். மாட்டுக் கொழுப்பு உருக 40 டிகிரிக்கு மேல் வேண்டும். 26 டிகிரி வயிற்றுக்குள் அது கெட்டியாகவே கிடக்கும். இப்படிப்பட்ட கெட்டிக் கொழுப்பை மீன் சரியாகச் செரிப்பதில்லை, தண்ணீர் குளிரக் குளிர இன்னும் மோசம். கோழிக் கொழுப்பு அவ்வளவு கெட்டி அல்ல, அறை வெப்பத்திலேயே குழைந்து நிற்கும். மீன் தீவனத் தொழிலில் அதைச் சேர்க்கவும் செய்கிறார்கள். ஆகவே கோழியையும் மாட்டையும் ஒரே கணக்கில் வைக்கக்கூடாது. ஆனால் கோழித் தோலில் மூன்றில் ஒரு பங்கு கொழுப்புதான். தோலோடு போட்டால் நெஞ்சுக்கறியின் நன்மை போய்விடும். வாரக்கணக்கில் கொழுப்பு அதிகமாகப் போனால் அது ஈரலில் சேரும். வெளியே ஒன்றும் தெரியாது, மீன் கொழுகொழுவென்று அழகாகத்தான் இருக்கும். பிறகு ஒரு நாள் தீனியை விடும்.

அடுத்தது எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமாகத் தோன்றுவது. நெஞ்சுக்கறி என்பது ஒரு விலங்கின் ஒரு பாகம்தான். எலும்பு, ஈரல், குடல், கண், தோல், வயிற்றில் இருந்த தீனி, இவை எல்லாம் சேர்ந்த முழு இரையைத்தான் காட்டில் மீன் விழுங்குகிறது. பெருவாய் சொன்ன குருவியும் புறாவும் முழு உயிர்கள், அதுவும் எப்போதாவது கிடைப்பவை. அந்த மீன்களும் மற்ற நாளில் மீனைத்தான் தின்கின்றன.

தசையில் என்ன இல்லை என்று பாருங்கள். வைட்டமின் சி ஏறக்குறைய இல்லை. பெரும்பாலான எலும்பு மீன்களால் அதைச் சொந்தமாகத் தயாரிக்க முடியாது, உணவில்தான் வர வேண்டும். நெடுநாள் குறைந்தால் வளரும் மீனுக்கு முதுகெலும்பு வளையும், புண் ஆறாது, நோய் எளிதில் தொற்றும். வைட்டமின் ஏ, டி, ஈ மூன்றும் மெலிந்த தசையில் சொற்பம். மீன் எண்ணெயில் இருக்கும் நீண்ட சங்கிலி ஒமேகா 3 கொழுப்புகளும் கோழியில் மிகக் குறைவு.

கால்சியத்தைப் பற்றிப் பலர் பயமுறுத்துவார்கள். பல்லிக்கும் ஆமைக்கும் அந்தப் பயம் சரி. மீன் தனக்குத் தேவையான கால்சியத்தில் பெரும்பகுதியைச் செவுள் வழியாகத் தண்ணீரிலிருந்தே எடுத்துக்கொள்ளும். தண்ணீர் மிக மென்மையாக இல்லாதவரை அதை முதல் கவலையாக வைக்க வேண்டாம்.

ஆக, மெலிந்த கோழிக்கறி எப்போதாவது ஒரு வேளை, தவறே இல்லை. அதுவே முழுச் சாப்பாடு என்றால் மீன் வயிறு நிறைந்தபடியே சத்துக் குறைவில் வாழும்.

பெருவாய்

ஆற்றுமீன் அண்ணா, நீங்கள் சொல்வதில் பாதி ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பெல்லட் டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். பல நிறுவனங்களின் பட்டியலில் கோழித் தூள் இருக்கிறது. கோழிக் கழிவு போட்டே கெளுத்தி வளர்க்கும் பண்ணைகளும் பல நாடுகளில் இருக்கின்றன, மீன் மளமளவென்று எடை ஏறுகிறது. அங்கே சரியென்றால் இங்கே மட்டும் ஏன் தவறு?

ஆற்றுமீன்

நல்ல கேள்வி, நேராகவே பதில் சொல்கிறேன்.

கோழித் தூள் தீவனத்தில் இருப்பது உண்மை, அது நல்ல மூலப்பொருளும்கூட. மாட்டு மூளை நோய்க்குப் பிறகு ஐரோப்பிய ஒன்றியம் பதப்படுத்திய விலங்குப் புரதத்தைத் தீவனத்தில் சேர்க்கத் தடை போட்டிருந்தது. கோழி, பன்றி இவற்றிலிருந்து வந்ததை மட்டும் மீன் பண்ணைத் தீவனத்துக்கு 2013 ஜூன் முதல் மறுபடி அனுமதித்தார்கள். எனவே கோழிப் புரதம் மீனுக்கு ஆகும் என்பதில் நமக்குள் சண்டையே இல்லை.

ஆனால் அந்தத் தூள் எப்படி வருகிறது? உயர் வெப்பத்தில் வேக வைத்து, கொழுப்பைப் பிழிந்து எடுத்து, உலர்த்தி அரைக்கிறார்கள். எலும்பும் அதில் சேரும். பிறகு மீன் எண்ணெய், வைட்டமின், தாது உப்பு எல்லாவற்றையும் அளந்து சேர்க்கிறார்கள். குறையை நிரப்பிய பிறகு கோழி நல்ல உணவு. நிரப்பாமல் போட்டால் குறை அப்படியே இருக்கும்.

பண்ணைக் கெளுத்தியை ஓர் ஆண்டுக்குள் பிடித்து விற்றுவிடுவார்கள். அதன் ஈரல் ஐந்தாவது ஆண்டில் எப்படி இருக்கும் என்று யாரும் பார்க்கப் போவதில்லை. ஆஸ்கர் பத்துப் பதினைந்து ஆண்டு வாழக்கூடிய மீன். எடை ஏறுகிறதா என்பது பண்ணையின் கேள்வி. நம் கேள்வி, பத்தாவது ஆண்டிலும் இது நம்மைப் பார்த்துக் கண்ணாடிக்கு ஓடி வருமா என்பது.

வேதிக்கணக்கு

தண்ணீர்ப் பக்கத்தை யாரும் தொடவில்லை, நான் சொல்கிறேன்.

10 கிராம் நெஞ்சுக்கறியில் ஏறக்குறைய 2.3 கிராம் புரதம். புரதத்தில் 16 சதவீதம் நைட்ரஜன், அதாவது சுமார் 0.37 கிராம். வளர்ச்சி முடிந்த மீன் இதில் பெரும்பகுதியை எரித்து அம்மோனியாவாகச் செவுள் வழியே வெளியேற்றும். முழுவதும் வெளியே வருகிறது என்று வைத்தால் 0.45 கிராம் அம்மோனியா. உங்கள் 300 லிட்டரில் அது லிட்டருக்கு 1.5 மில்லிகிராம். ஃபில்டர் நல்ல பாக்டீரியா குடியேறி முதிர்ந்ததாக இருந்தால் இதை நைட்ரேட்டாக மாற்றிவிடும், அப்போது ஒரு வேளைத் தீனிக்கு லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் நைட்ரேட் கூடும். வாரம் நான்கு வேளை என்றால் 20ஐத் தாண்டும்.

எடைக்கு எடை பார்த்தால் பெல்லட்டில் புரதம் இன்னும் அதிகம் என்று யாராவது சொல்வார்கள், அது சரிதான். பெல்லட் உலர்ந்தது, கறியில் முக்கால் பங்கு தண்ணீர். ஆனால் பெல்லட்டில் கொழுப்பும் கொஞ்சம் மாவுச்சத்தும் இருப்பதால் மீன் நடமாடத் தேவையான ஆற்றலை அதிலிருந்து எடுத்துக்கொண்டு புரதத்தை மிச்சம் பிடிக்கும். மெலிந்த கறியில் எரிக்க வேறு எதுவும் கிடையாது, புரதத்தையே எரிக்க வேண்டும். அதே ஆற்றலுக்கு அம்மோனியா ஏறத்தாழ இரட்டிப்பாகும்.

இது மீன் தின்ற கறியின் கணக்கு. தின்னாமல் கல்லுக்கு அடியில் போன துண்டு அழுகும்போது பாக்டீரியா ஆக்சிஜனையும் இழுத்துக்கொள்ளும்.

கயல்தொட்டி

இவ்வளவு தெளிவாக யாரும் சொன்னதில்லை, நன்றி அண்ணா. வேதிக்கணக்கு அவர்களே, நேற்று அளந்ததில் நைட்ரேட் 80 வந்தது, காரணம் இப்போது புரிகிறது.

இரண்டு சந்தேகம். முழு இரைதான் நல்லது என்றால் உயிர் மீனையே போட்டுவிடலாமா? தங்கமீன் குஞ்சு எளிதாகக் கிடைக்கிறது. அப்புறம், கறியை வேக வைத்துப் போடுவதா பச்சையாகவா?

வெள்ளிச்செதில்

தங்கமீன் வேண்டாம். அரோவானா வளர்ப்பவர்கள் பலர் இந்த வழியில் போய்த்தான் மீனைக் கெடுத்துக்கொள்கிறார்கள்.

தங்கமீன், கெண்டை வகைகளின் உடலில் தயமினேஸ் என்ற நொதி இருக்கிறது. அது வைட்டமின் பி1ஐ உடைத்துவிடும். தொடர்ந்து அதையே தின்னும் மீனுக்கு நரம்புத் தளர்ச்சி வரும், சமநிலை போகும், தீனி எடுக்காது. உறைய வைத்தாலும் அந்த நொதி சாகாது, வேக வைத்தால்தான் சாகும். நெத்திலி வகைகளிலும் இது உண்டு. திலாப்பியாவில் இல்லை. கோழியிலும் மாட்டிலும் இல்லை, அந்த ஒரு விஷயத்தில் தங்கமீனைவிடக் கோழி மேல்.

இதற்கு மேல் நோய் வேறு. நெருக்கமாக அடைத்து வைத்த மலிவு மீனோடு வெண்புள்ளி, குடல் புழு, மீன் காசநோய் எல்லாம் உங்கள் தொட்டிக்குள் வரும். நிலத்து இறைச்சியில் மீனுக்கே உரிய ஒட்டுண்ணி வராது. கோழியை ஒரேயடியாகக் கரித்துக்கொட்டுபவர்கள் இதையும் தராசில் வைக்க வேண்டும்.

முழு இரை வேண்டுமென்றால் மண்புழு, சிள்வண்டு, ஓட்டோடு இறால். ஆஸ்கருக்கும் அரோவானாவுக்கும் பூச்சி இயற்கை உணவு. பூச்சிமருந்து அடித்த இடத்துப் புழு, பூச்சி மட்டும் கூடாது. எலிக்குஞ்சு போட்டுப் படம் எடுத்துப் பகிர்கிறவர்களைப் பின்பற்றாதீர்கள். முடியும் எலும்பும் குடலில் அடைத்துக்கொள்ளும், அந்த எலி படும் பாட்டையும் நினைக்க வேண்டும்.

சுத்தநீர்

பச்சையா வேக வைத்ததா என்ற கேள்விக்கு நான் சொல்கிறேன், ஏனென்றால் இதில் மீனைவிட நமக்குத்தான் ஆபத்து.

பச்சைக் கோழியில் சால்மொனெல்லா, கேம்பிலோபேக்டர் இருக்க வாய்ப்பு அதிகம். மீனுக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது, ஆனால் அந்தத் தண்ணீரில் நாம் கை விடுகிறோம். ஃப்ரீசரில் வைத்தால் சால்மொனெல்லா செத்துவிடும் என்று நம்பாதீர்கள், உறைந்து கிடந்து மறுபடி எழும். குழாயை வாயால் உறிஞ்சித் தண்ணீர் இறக்கும் பழக்கம் இருந்தால் இன்றே விட்டுவிடுங்கள். கத்தி, பலகை, இடுக்கி மூன்றும் மீனுக்கென்று தனியாக இருக்கட்டும். வலையையும் ஃபில்டர் ஸ்பாஞ்சையும் சமையலறைத் தொட்டியில் கழுவக்கூடாது. வீட்டில் கைக்குழந்தையோ நோயாளியோ இருந்தால் பச்சைக்கறியே வேண்டாம்.

உப்பு, மஞ்சள், எண்ணெய் எதுவும் இல்லாமல் வெறும் தண்ணீரில் ஒரு கொதி விட்டு, ஆறியதும் நறுக்கிப் போடலாம். பி வைட்டமினில் கொஞ்சம் போகும், ஆனால் அந்தக் கறியை நம்பி வைட்டமின் கொடுக்கப் போவதில்லையே. துண்டும் கெட்டியாக இருக்கும், சாறு தண்ணீரில் கலங்காது. வேக வைத்த எலும்பை மட்டும் எந்த மீனுக்கும் போடக்கூடாது, சில்லு சில்லாகக் குத்தும்.

பாக்கெட்டில் வரும் கோழியின் பின்பக்கத்தையும் படித்துப் பாருங்கள். எடைக்காகவும் மென்மைக்காகவும் உப்புத் தண்ணீர் ஏற்றிய கறியும் விற்கிறது. அது மீனுக்கு ஆகாது.

சேற்றுவிரால்

தொத்திறைச்சி, ஹாம் துண்டு எப்போதாவது போடலாமா? வீட்டில் மீந்துபோகிறது.

சுத்தநீர்

வேண்டாம். உப்பு, கொழுப்பு, நைட்ரைட் பதப்பொருள், மூன்றும் மீனுக்கு எதிரி. பதப்படுத்திய எந்த இறைச்சியும் தொட்டிப் பக்கம் வரக்கூடாது.

நீலத்துடுப்பு

தம்பி ஈரலையும் கேட்டிருந்தாரே, அது விட்டுப்போய்விட்டது. ஈரலில் சத்து மிகுதி, அதுதான் சிக்கலும். 100 கிராம் கோழி ஈரலில் வைட்டமின் ஏ 11,000 சர்வதேச அலகு அளவுக்கு இருக்கிறது, மாட்டு ஈரலில் அதைவிட அதிகம். கொழுப்பில் கரையும் வைட்டமின் உடலில் தங்கும், கூடினாலும் கேடு. தண்ணீரையும் ஒரே வேளையில் சேறாக்கிவிடும். கலவையில் ஒரு சிறு கரண்டி அளவு சேர்த்தால் போதும், தனியாகப் போட வேண்டாம்.

மாட்டு இதயம் தசைதான், ஈரல் மாதிரி அல்ல. சுற்றியுள்ள வெள்ளைக் கொழுப்பு, உள்ளே இருக்கும் நரம்பு, குழாய், சவ்வு எல்லாவற்றையும் பொறுமையாக வெட்டி எடுத்துவிட்டால் கொழுப்பு 4 சதவீதம் போலத்தான் இருக்கும். அந்தச் சுத்தம் செய்யும் வேலையில் சோம்பல்பட்டால் மாட்டு இதயம் கொடுக்கவே வேண்டாம்.

சின்னப்பல்

பஃபர் மீன் வளர்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அதன் பல் நிற்காமல் வளரும், கடினமானதைக் கடித்துத் தேய வேண்டும். கோழிக்கறி மெத்தென்று இருப்பதால் பல் தேயாது. வளர்ந்த பல் வாயை மூடிவிட்டால் மீன் தீனி முன்னால் கிடக்கப் பட்டினியில் சாகும். நத்தை, சிப்பி, ஓட்டோடு இறால், நண்டுக்கால்தான் அதற்கு. நிலத்து இறைச்சி எந்த வடிவிலும் பஃபருக்கு வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

கயல்தொட்டி

சரி, கறியைக் குறைக்க முடிவு செய்துவிட்டேன். பெல்லட் தின்ன வைப்பது எப்படி? இரண்டு நாள் வெறும் வயிற்றோடு விட்டேன், முகத்தைத் திருப்பிக்கொண்டு மூலையில் நிற்கிறது. பாவமாக இருக்கிறது.

ஆற்றுமீன்

பாவம் பார்ப்பது நல்ல மனசு, ஆனால் இந்த இடத்தில் அதுதான் மீனுக்குக் கேடாக முடியும். ஆஸ்கர் கெட்டிக்கார மீன். முகத்தைத் திருப்பினால் கறி வரும் என்று ஒருமுறை கற்றுக்கொண்டால் விடாது.

நல்ல உடம்போடு இருக்கும் பெரிய ஆஸ்கர் ஒரு வாரம், அதற்கு மேலும்கூடத் தீனி இல்லாமல் இருந்தால் ஒன்றும் ஆகாது. காட்டிலும் தினமும் விருந்து இல்லை. ஆனால் இது குஞ்சுக்கும் நோயுற்ற மீனுக்கும் பொருந்தாது. தலைக்குப் பின்னால் முதுகுச் சதை வற்றினாலோ வயிறு உள்ளே ஒட்டினாலோ பட்டினியை நிறுத்திவிட வேண்டும்.

பட்டினியை மட்டும் நம்பாமல் வழி மாற்றிப் பாருங்கள். முதலில் கோழியிலிருந்து இறாலுக்கு. அதே அளவில் துண்டு போட்டு, கோழித் துண்டோடு கலந்து கொடுத்தால் பெரும்பாலும் வாங்கிவிடும். இறாலைப் பிடித்துக்கொண்டதும் அதன் முதுகைக் கீறி ஊறிய பெல்லட்டை உள்ளே திணித்துக் கொடுங்கள். முதலில் துப்பலாம், பசி இருந்தால் மறுபடி எடுத்துக்கொள்ளும். பெல்லட்டின் வாசனை நாக்குக்குப் பழகிய பிறகு, உறைந்த இறால் உருகிய தண்ணீரில் பெல்லட்டைச் சில நிமிடம் ஊற வைத்துத் தனியாகப் போடலாம். காலையில் பசியோடு இருக்கும் நேரத்தில் முதலில் பெல்லட், அது தின்றால்தான் இறால். பத்து நிமிடத்தில் தின்னாததை எடுத்துவிடுங்கள், மிதந்துகொண்டே கிடந்தால் அதற்கு மதிப்பு போய்விடும்.

வீட்டில் எல்லோரும் ஒரே மாதிரி நடந்துகொள்ள வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் கண்டிப்பாக இருக்க, வேறு யாராவது இரக்கப்பட்டு ஒரு துண்டுக் கறி போட்டால் எல்லாம் முதலிலிருந்து.

நீலத்துடுப்பு

பெல்லட் அறவே ஏறாத மீனுக்குக் கூழ்க்கட்டித் தீனி இருக்கிறது. கறியைக் கைவிட மனமில்லாத பெருவாய் போன்றவர்களுக்கும் இது ஏற்றது.

சுத்தம் செய்த மாட்டு இதயமோ கோழி நெஞ்சோ ஒரு பங்கு, திலாப்பியா போன்ற தயமினேஸ் இல்லாத மீன் ஒரு பங்கு, ஓட்டோடு இறால் ஒரு பங்கு, தூளாக்கி நனைத்த நல்ல பெல்லட் ஒரு பங்கு. வெந்நீரில் காட்டி எடுத்த கீரை ஒரு கைப்பிடி. எல்லாவற்றையும் குளிர்ந்த நிலையிலேயே அரைத்துக்கொள்ளுங்கள். ஜெலட்டினை வெந்நீரில் கரைத்து, இளஞ்சூட்டுக்கு வந்த பிறகு கலக்குங்கள். மீனுக்கான வைட்டமின் கலவையைக் கடைசியில் சேர்க்க வேண்டும், சூட்டில் வைட்டமின் சி போய்விடும். தட்டையான பைகளில் மெல்லிசாகப் பரப்பி, கத்தி முதுகால் கட்டம் போட்டு, காற்று இல்லாமல் மூடி உறைய வையுங்கள். வேண்டும்போது ஒரு கட்டத்தை உடைத்து எடுத்துக்கொள்ளலாம். இரண்டு மூன்று மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள். உருகியதை மறுபடி உறைய வைக்காதீர்கள். கொழுப்பு சிக்கு வாடை அடித்தால் யோசிக்காமல் குப்பையில் போடுங்கள், கெட்ட கொழுப்பு உடலிலுள்ள வைட்டமின் ஈயையும் தின்றுவிடும்.

வேதிக்கணக்கு

அக்கா சொன்னதில் ஒரு சேர்க்கை. டிஸ்கஸ் தொட்டி 30 டிகிரி என்றால் ஜெலட்டின் அங்கேயே இளகத் தொடங்கும். அப்படிப்பட்ட சூடான தொட்டிக்குக் கடற்பாசியிலிருந்து எடுக்கும் அகர் நல்லது. 85 டிகிரி வரை உருகாது. ஆனால் 40 டிகிரி பக்கம் வந்தாலே உறையத் தொடங்கும், கை வேகமாக இருக்க வேண்டும்.

பெருவாய்

அக்கா, இந்த முறையைச் செய்து பார்க்கிறேன். பிரானாவுக்கும் இதே விகிதமா?

நீலத்துடுப்பு

பிரானாவுக்கு மீன் பங்கைக் கூட்டி இறைச்சிப் பங்கைப் பாதியாக்குங்கள். சிவப்பு வயிற்றுப் பிரானா காட்டில் மீன், துடுப்பு, செதில், பூச்சி, விதை என்று கலந்து தின்பது. இறைச்சியை மட்டும் நம்பி வாழும் மீன் அல்ல. கட்டியைக் கொஞ்சம் பெரிதாகவும் கெட்டியாகவும் வெட்டுங்கள், கடித்துப் பிய்க்கும்போது கரையாமல் இருக்கும்.

கயல்தொட்டி

இறாலுக்குள் வைத்த பெல்லட்டை விழுங்கிவிட்டது! தனியாகப் போட்டால் இன்னும் பாதியைத் துப்புகிறது, ஆனால் பாதி உள்ளே போகிறது. தண்ணீரும் மாற்றினேன், நைட்ரேட் இறங்கியிருக்கிறது.

ஒரு கவலை. கழிவு வெள்ளையாக நூல் போல நீளமாகத் தொங்குகிறது. தண்ணீர் மேல் எண்ணெய்ப் படலம் போல மினுமினுப்பும் இருக்கிறது. கறியால் வந்ததா?

ஆற்றுமீன்

மினுமினுப்பு பெரும்பாலும் கறிக் கொழுப்பும் புரதமும்தான். கேனிஸ்டர் வெளிக்குழாயை மேற்பரப்பு அசையும்படி திருப்பி வையுங்கள், தாளை மேலே பரப்பி எடுத்தாலும் ஒட்டிக்கொண்டு வரும். அதை விட்டுவைத்தால் காற்று தண்ணீரில் கலப்பது குறையும்.

வெள்ளை நூல் இரண்டு காரணத்தால் வரலாம். வயிறு காலியாக இருந்தால் குடல் சளி மட்டும் அப்படி வரும். நீங்கள் தீனியைக் குறைத்த சமயம் என்பதால் அதற்கே வாய்ப்பு அதிகம். ஒழுங்காகத் தின்னத் தொடங்கிய பிறகும் தொடர்ந்தால் குடல் ஒட்டுண்ணியாக இருக்கலாம். தலையில் சிறு குழி, பசியின்மை, உடல் கறுத்தல் ஏதாவது சேர்ந்தால் காத்திருக்காமல் மீன் பார்க்கத் தெரிந்த கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். தலைக்குழி நோய்க்கு மோசமான தண்ணீரும் சத்துக் குறைந்த தீனியும் காரணமாகச் சந்தேகிக்கப்படுபவை. அதனால்தான் இவ்வளவு நேரம் வைட்டமினைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன்.

மருந்தை ஊகத்தில் ஊற்ற வேண்டாம். பெல்லட் முழுதாக ஏறியதும் வாரத்தில் நான்கைந்து வேளை பெல்லட், ஒரு வேளை மண்புழுவோ இறாலோ. கோழி கொடுத்தே ஆக வேண்டும் என்று தோன்றினால் மாதத்தில் ஓரிரு முறை, தோல் இல்லாமல், மீனின் கண்ணளவு துண்டாக நாலைந்து.

உப்புநீர்

கடல்மீன் தொட்டி வைத்திருக்கிறேன், ஒரு சிங்கமீனும் ஒரு மோரே விலாங்கும். இங்கே சொன்னது எனக்கும் பொருந்துமா? இறால் தீர்ந்த நாளில் கோழி கொடுக்கலாமா என்று யோசித்தேன்.

ஆற்றுமீன்

உங்களுக்கு இன்னும் கண்டிப்பாகச் சொல்வேன், வேண்டாம். நன்னீர் மீன்கள் பலவற்றால் தாவர வழி வரும் ஒமேகா 3ஐ ஓரளவு நீட்டித்து டிஎச்ஏ, இபிஏ என்ற நீண்ட சங்கிலி வகைகளாக ஆக்கிக்கொள்ள முடியும். கடல் வேட்டை மீன்களால் அது பெரும்பாலும் முடியாது, அவை உணவிலேயே நேராக வர வேண்டும். கோழியில் அவை மிகக் குறைவு என்பதால் குறை சீக்கிரம் தெரியும். சிங்கமீன் அசையாமல் கிடக்கும் மீன், கொழுப்பு ஈரலில் ஏறுவதும் அதற்கு எளிது.

இறால் மட்டும் என்பதும் போதாது. சில இறால் வகைகளிலும் தயமினேஸ் உண்டு. கடல்மீன் சதை, கணவாய், சிப்பி, இறால் என்று மாற்றி மாற்றிக் கொடுத்து, பெரிய காட்சியகங்கள் செய்வது போல உறைந்த தீனியில் பி1, வைட்டமின் ஈ சேர்த்துக் கொடுங்கள். இறால் தீர்ந்த நாளில் ஒன்றுமே போட வேண்டாம். வளர்ந்த சிங்கமீனும் விலாங்கும் வாரத்தில் இரண்டு மூன்று முறை தின்றால் போதும்.

உப்புநீர்

புரிந்தது. கணவாய் இரண்டுக்கும் பிடிக்கிறது, அதையே கூட்டுகிறேன். வைட்டமினைத் துண்டின் மேல் தடவினால் தண்ணீரில் கரைந்துவிடாதா?

ஆற்றுமீன்

கரையும். உருகிய துண்டின் ஈரத்தைத் துடைத்துவிட்டு, நடுவில் கீறி உள்ளே வையுங்கள். திரவமாக இருந்தால் ஊசிக்குழலால் சதைக்குள் ஏற்றிக் கொடுங்கள். இடுக்கியால் விலாங்கின் வாய்க்கு நேராக நீட்டினால் சிந்தாமல் போகும், கையால் மட்டும் கொடுக்காதீர்கள்.